கொப்பரையும் கசகசாவும்: முதல் விமானப் பயணத்தின் தடைப் பொருட்கள்

தர்மபுரி மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. இங்கிருந்து விமானம் ஏறுவோருக்கு இரண்டு வழிகள் உண்டு. தெற்கே சுமார் 50 கி.மீ. தொலைவில் ஓமலூரை ஒட்டிய காமலாபுரத்தில் சேலம் விமான நிலையம். வடக்கே கிருஷ்ணகிரி, ஓசூரைக் கடந்து, பெங்களூரு நகரத்தையும் தாண்டினால் தேவனஹள்ளியில் கெம்பேகவுடா விமான நிலையம். சேலம் நிலையம் பல ஆண்டுகள் பெயருக்குத்தான் இருந்தது. மத்திய அரசின் ‘உடான்’ விமானத் திட்டத்தில் 2018 மார்ச்சில் சென்னைக்கு விமானச் சேவை வந்தது, பிறகு நின்றது, 2023 அக்டோபரில் மீண்டும் தொடங்கியது. தேவனஹள்ளி நிலையம் 2008 மே மாதம் திறக்கப்பட்டது. வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போகிறவர்கள், மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ போகிற பெற்றோர், காசிக்குப் போகிற முதியவர்கள் எனப் பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கத்துக் குடும்பங்களிலிருந்து இன்று விமானம் ஏறுகிறவர்களில் பலருக்கு அதுவே முதல் பயணம்.

இவர்கள் மூட்டை கட்டக் கற்றுக்கொண்டது பேருந்திலும் ரயிலிலும். பேருந்தில் பையைத் திறந்து காட்டச் சொல்வோர் யாருமில்லை. பழம் நறுக்க ஒரு கத்தி, சாமி கும்பிடக் கற்பூரம், பீடிக்குத் தீப்பெட்டி, ஊறுகாய் ஜாடி, உறவினர் கொடுத்த பொட்டலம் எல்லாம் ஒரே பையில் அடங்கிவிடும். விமான நிலையத்தின் ஸ்கேனிங் மெஷின் முன்னால்தான் இவற்றில் பாதி ‘தடைப் பொருள்’ என்பது தெரியவருகிறது. அறியாமல் எடுத்து வந்தவரை எப்படிப் பார்ப்பது, விதி எங்கே கடுமையாக இருக்க வேண்டும், எங்கே தளர வேண்டும், அவருக்கு முன்கூட்டியே சொல்லும் பொறுப்பு யாருடையது என்ற கேள்விகளை இக்கட்டுரை பரிசீலிக்கிறது.

விதி வந்த வழி

விமான நிலையக் கெடுபிடிகளை அதிகாரிகளின் பிடிவாதம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஒரு சதியோ பல சாவுகளோ இருக்கின்றன. அவற்றில் ஒன்று நம் மாநிலத்திலேயே நடந்தது. 1984 ஆகஸ்ட் 2 இரவு சென்னை மீனம்பாக்கத்தில், கொழும்பு செல்லும் ஏர் லங்கா விமானத்துக்காக ஒப்படைக்கப்பட்ட பெட்டிகளில் இருந்த குண்டு வெடித்தது. பெட்டிகளைக் கொடுத்தவர் விமானத்தில் ஏறவில்லை. கொழும்பில் வெடிக்க வேண்டியது சென்னையிலேயே வெடித்து, 30க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அடுத்த ஆண்டு ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் ‘கனிஷ்கா’ நடுவானில் சிதறி 329 பேர் மாண்டனர். அதிலும் பெட்டி மட்டும் பயணம் செய்தது, பெட்டிக்காரர் ஏறவில்லை. ஏறாத பயணியின் பெட்டியை இறக்கிவிட்டே விமானம் கிளம்ப வேண்டும் என்ற நடைமுறை இறுகியது இத்தகைய சம்பவங்களால்தான். 1978இல் ஒரு பிரிவாகத் தொடங்கிய சிவில் விமானப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பிரிவு, கனிஷ்காவுக்குப் பிறகு 1987 ஏப்ரலில் தனித் துறையானது. இன்று எது போகலாம், எது போகக் கூடாது என்ற பட்டியலை வகுப்பது அந்தத் துறையே.

1999 டிசம்பரில் காத்மாண்டுவிலிருந்து வந்த ஐசி 814 விமானம் கந்தகாருக்குக் கடத்தப்பட்டது. அதன்பின் 2000ஆம் ஆண்டு முதல் மத்திய தொழில் பாதுகாப்புப் படை விமான நிலையங்களுக்கு வந்தது. 2001 டிசம்பரில் ஒருவர் காலணிக்குள் வெடிபொருள் வைத்து அமெரிக்கா செல்லும் விமானத்தில் ஏறினார். காலணியைக் கழற்றச் சொல்லும் வழக்கம் அதிலிருந்து வந்தது. 2006 ஆகஸ்டில் பானப் பாட்டில்களில் திரவ வெடிபொருள் கொண்டுசெல்லும் சதி லண்டனில் பிடிபட்டது. அதையடுத்து, சர்வதேசப் பயணத்தில் 100 மில்லிக்கு மேற்பட்ட பாட்டில் கைப்பையில் கூடாது என்ற விதி வந்தது.

விதிகள் நிலையானவையும் அல்ல. காலணி கழற்றும் கட்டாயத்தை அமெரிக்கா 2025 ஜூலையில் நீக்கியது. புதிய ஸ்கேனர்கள் வந்த சில நிலையங்களில் 100 மில்லி வரம்பும் தளர்ந்திருக்கிறது. ஆண்டுக்குப் பலமுறை பறப்பவர் இந்த மாற்றங்களைப் போகிற போக்கில் தெரிந்துகொள்வார். பத்தாண்டில் ஒருமுறை பறப்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

எது மேலே, எது கீழே

முதல் பயணியைக் குழப்புவது பட்டியலின் நீளத்தைவிட, அதில் காரணம் சொல்லப்படாததே. கத்தி கைப்பையில் கூடாது, செக்-இன் பெட்டியில் போகலாம். பவர் பேங்க் செக்-இன் பெட்டியில் கூடாது, கைப்பையில் போக வேண்டும். தீப்பெட்டியும் லைட்டரும் இந்தியாவில் இரண்டிலும் கூடாது. மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுக்கொன்று முரணாகத் தெரியும். உள்ளே இருப்பது மூன்று வரி நியாயம்தான்: ஆயுதமாகக் கூடியது பயணியின் கைக்கு எட்டாமல் கீழே போகட்டும்; தீப்பிடித்தால் உடனே அணைக்க வேண்டியது கண்பார்வையில் மேலே இருக்கட்டும்; எளிதில் பற்றிக்கொள்வது வீட்டிலேயே இருக்கட்டும். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் பட்டியலில் பெரும்பகுதியை ஒருவர் தானே ஊகித்துவிடலாம்.

பவர் பேங்க் விஷயத்தை விளக்கியே ஆக வேண்டும். லித்தியம் பேட்டரி சூடேறத் தொடங்கினால் உள்ளே நடக்கும் வினை தன்னைத்தானே வளர்த்துக்கொண்டு போகும். சரக்கறையில் தீயணைக்கப் பயன்படும் ஹேலான் வாயு தழலை அடக்கும். பேட்டரிக்குள் தொடரும் வெப்பத்தை நிறுத்தாது. இருக்கைப் பகுதியில் என்றால் பணிப்பெண்கள் தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்க முடியும். 2010 செப்டம்பரில் துபாயில் லித்தியம் பேட்டரிகள் ஏற்றிய யுபிஎஸ் சரக்கு விமானம் தீப்பிடித்து விழுந்து இரண்டு விமானிகளும் இறந்தனர். 2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் கிம்ஹே நிலையத்தில் ஏர் பூசான் விமானம் தரையிலேயே எரிந்தது. தலைக்கு மேலுள்ள அடுக்கில் இருந்த பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்று புலனாய்வு கூறியது.

அளவுக்கும் வரம்பு உண்டு. 100 வாட்-ஹவர் வரை தடையில்லை. அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். சந்தையில் 20,000 எம்ஏஎச் என்று விற்பது 74 வாட்-ஹவர், பிரச்சினை இல்லை. 30,000 என்றால் 111. அளவே அச்சிடாத மலிவுச் சரக்கு கையில் இருந்தால் அதைப் பறிகொடுக்க நேரலாம்.

அடுத்தது கொப்பரை. காய்ந்த தேங்காயில் எண்ணெய் மிகுதி. குவித்து வைத்தால் தானே சூடேறும் இயல்புடையது. சர்வதேச ஆபத்துச் சரக்குப் பட்டியலில் அதற்குத் தனி எண்ணே இருக்கிறது. கற்பூரமும் அப்படியே, எளிதில் பற்றும் திடப்பொருளாக வகைப்படுத்தப்பட்டது. காசிக்குப் போகும் பை இரண்டையும் சுமந்துகொண்டு வந்தால் இரண்டுமே நின்றுவிடும். மிளகாய்ப் பொடியும் மிளகாய் ஊறுகாயும் பொதுவாகக் கைப்பையில் அனுமதிக்கப்படுவதில்லை, செக்-இன் பெட்டியில் போகலாம்.

விதி மக்களின் வழக்கத்துக்கு வழிவிட்ட நிகழ்வும் உண்டு. சபரிமலை செல்வோரின் இருமுடியில் நெய்த்தேங்காய் இருக்கும். கைப்பையில் தேங்காய்க்குத் தடை இருந்ததால் இருமுடியை செக்-இன் செய்ய வேண்டியிருந்தது. தலையில் தாங்கும் இருமுடியை அப்படி விட்டுவிட ஐயப்ப பக்தர்களுக்கு மனமில்லை. 2024 அக்டோபரில் விமானப் போக்குவரத்து அமைச்சகம் 2025 ஜனவரி 20 வரை இருமுடியைக் கையில் கொண்டுசெல்ல அனுமதித்தது. எக்ஸ்ரே, வெடிபொருள் தடயச் சோதனை, கைச்சோதனை மூன்றும் உண்டு என்பது நிபந்தனை. காரணம் தெரிந்த விதியைச் சோதனையை விட்டுக்கொடுக்காமலே தளர்த்தலாம் என்பதற்கு இது சான்று.

மெஷின் சந்தேகிப்பது

தடையே இல்லாத பொருளும் பயணியை நிறுத்திவைக்கும். எக்ஸ்ரே திரையில் உணவு, துணி, பிளாஸ்டிக் போன்ற கரிமப் பொருட்கள் ஆரஞ்சு நிறத்திலும் உலோகம் நீலத்திலும் தெரியும். பிளாஸ்டிக் வெடிபொருளும் ஆரஞ்சுதான். அல்வாக் கட்டி, புளி உருண்டை, இறுக்கிக் கட்டிய ராகி மாவுப் பொதி போன்ற அடர்த்தியான உணவுகள் திரையில் சந்தேகத்தைக் கிளப்புவதில் வியப்பில்லை. வெடிபொருள் தடயம் பார்க்கும் கருவி நைட்ரேட்டுக்குச் சிணுங்கும். வயலில் நைட்ரேட் உரம் இறைத்த கை, கிரானைட் குவாரியில் வெடிமருந்துக்கு அருகில் வேலை செய்த சட்டை, நெஞ்சுவலிக்கான நைட்ரோகிளிசரின் மாத்திரை ஆகியவையும் கருவியை எழுப்பக் கூடும். வெள்ளி அரைஞாண் கொடியும் தாயத்தும் உலோகக் கண்டறி வாயிலில் ஒலிக்கும். இவை எதுவும் குற்றமல்ல. இரண்டாவது சோதனைக்கான அழைப்பு மட்டுமே. இதை முன்பே அறிந்தவர் நிதானமாக நிற்பார். அறியாதவர் பதறுவார், பதற்றம் சந்தேகத்தை வளர்க்கும்.

விமானத்துக்குத் தடையா, நாட்டுக்குத் தடையா?

இதுவரை சொன்னவற்றில் இழப்பு சிறியது. கத்தியைப் பெட்டியில் போட்டுவிட்டு வரலாம், இல்லையென்றால் விட்டுவிட்டுப் போகலாம். இதைவிடப் பெரிய ஆபத்து சோதனையில் பிடிபடாமல் போகிற பொருளில் இருக்கிறது. கசகசா விமானத்துக்கு எந்தத் தீங்கும் செய்யாது. பெங்களூரில் யாரும் அதைத் தடுக்க மாட்டார்கள் என்றே பயணி நம்புவார். ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவூதியிலும் சிங்கப்பூரிலும் அது தடை செய்யப்பட்ட பொருள், காரணம் அது அபினிச் செடியின் விதை. குருமாவுக்கு என்று அம்மா கட்டிக் கொடுத்த பொட்டலம் அங்கே போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வந்துவிடும். வலிக்குத் தரும் டிரமடால், இருமல் மருந்துகள் சிலவற்றில் இருக்கும் கோடீன் ஆகியவை அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். மருத்துவர் சீட்டும் முன் அனுமதியும் வேண்டும். வெற்றிலைக்கும் மெல்லும் புகையிலைக்கும் தடை விதித்த நாடுகள் உண்டு. இ-சிகரெட்டை இந்தியா 2019இல் தடை செய்தது. சிங்கப்பூர் 2025 செப்டம்பர் முதல் அதற்கான தண்டனையை மேலும் கடுமையாக்கியிருக்கிறது.

பூ கூட விலக்கில்லை. 2025இல் ஓணம் விழாவுக்காக மெல்போர்ன் சென்ற நடிகை நவ்யா நாயரிடம் சுமார் 15 செ.மீ. மல்லிகைச் சரம் இருந்ததற்காக 1,980 ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தார்கள். நம் பணத்தில் ஒரு லட்சத்துக்கு மேல். ஆஸ்திரேலியாவின் அச்சம் வெடிகுண்டைப் பற்றியதல்ல. செடிநோயும் பூச்சியும் உள்ளே வந்துவிடக் கூடாது என்பதே. மல்லி விளையும் தர்மபுரியிலிருந்து மகளைப் பார்க்கப் போகும் தாய் தலையில் பூவுடன் கிளம்புவது இயல்பு. அந்தப் பூவை விமானம் ஏறும்போது யாரும் தடுக்கப்போவதில்லை, இறங்கும்போதுதான் கேள்வி வரும்.

அறியாமை ஏழைக்கும் படிக்காதவருக்கும் மட்டும் உரியதல்ல என்பதற்கு எதிர்த்திசையிலும் உதாரணம் உண்டு. 2025 ஜனவரியில் புதுச்சேரி விமான நிலையத்தில் அமெரிக்க மருத்துவர் ஒருவர் செயற்கைக்கோள் தொலைபேசியுடன் நிறுத்தப்பட்டார். அவர் நாட்டில் கடையில் வாங்கக் கூடிய அந்தக் கருவிக்கு இந்தியாவில் முன் அனுமதி வேண்டும். ஓர் இடத்துச் சாதாரணப் பொருள் இன்னோர் இடத்துக் குற்றமாவதை அவரும் அறிந்திருக்கவில்லை.

பிறர் கொடுத்த பொட்டலம்

விமானத்துக்குத் தடையானது, நாட்டுக்குத் தடையானது, பிறர் கொடுத்தது என்ற மூன்று வகைகளில் மிகக் கொடியது இந்தக் கடைசி வகை. “இந்தப் பையை நீங்களே கட்டினீர்களா?” என்று கவுன்டரில் கேட்பது சடங்காகத் தோன்றும். ஆனால், 1986 ஏப்ரல் 17 அன்று லண்டன் ஹீத்ரோவில் அயர்லாந்தைச் சேர்ந்த ஒரு கர்ப்பிணிப் பெண், விடுதிப் பணியாளர், இஸ்ரேல் செல்லும் விமானத்துக்கு வந்தார். அவரை மணப்பதாகச் சொன்ன நெசார் ஹிந்தாவி என்பவன் கொடுத்த பையின் அடியில் ஒன்றரைக் கிலோ வெடிபொருள் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு எதுவும் தெரியாது. இஸ்ரேலிய விமான நிறுவனத்தின் பாதுகாப்பு அலுவலர்கள் கேட்ட கேள்விகளும் பையைத் தூக்கிப் பார்த்ததில் தெரிந்த எடையும்தான் விமானத்தைக் காப்பாற்றின. ஹிந்தாவிக்கு 45 ஆண்டு சிறை கிடைத்தது.

நமக்கு அருகிலும் ஒரு கதை உண்டு. 2019இல் மும்பைத் தம்பதியர் கத்தாருக்குத் தேனிலவு சென்றனர். பயணத்தை ஏற்பாடு செய்த உறவினர் ஒரு பொட்டலத்தைக் கொடுத்தனுப்பினார். தோஹாவில் அதில் நான்கு கிலோ ஹஷீஷ் இருந்தது தெரியவந்தது. இருவருக்கும் தலா 10 ஆண்டு தண்டனை. மனைவி சிறையிலேயே பிரசவித்தார். இந்தியாவில் நடந்த விசாரணையின் துணையுடன் 2021இல் விடுதலையாகித் திரும்பினார்கள். குற்றமற்றவர்கள் என்று நிரூபிக்க ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின.

வேலைக்குப் போகிறவரிடம் “எங்க பையனுக்கு இதையும் கொடுத்துடுங்க” என்று ஊர்க்காரர் நீட்டுவதை மறுப்பது நம் பழக்கத்தில் இல்லை. மறுத்தால் உறவு கெடும் என்ற தயக்கம் இருக்கும். பணத்துக்காகத் தெரிந்தே தங்கம் சுமக்கும் ‘குருவி’கள் வேறு. தெரியாமல் சுமப்பவரையும் தெரிந்தே சுமப்பவரையும் மெஷினால் பிரித்தறிய முடியாது.

தெரியாது என்பது எப்போது வாதமாகும்?

சட்டம் எல்லா அறியாமையையும் ஒரே கண்ணால் பார்க்கவில்லை. பையின் ஓரத்தில் ஒரே ஒரு தோட்டா கிடந்தாலும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வழக்கு வரும். ஆனால், ‘உடைமை’ என்றால் தெரிந்து வைத்திருப்பது என்று உச்ச நீதிமன்றம் 1972இல் குன்வந்த்லால் வழக்கில் விளக்கியது. அதன் வழியில், பழைய பையில் மறந்துபோன ஒற்றைத் தோட்டா தொடர்பான பல வழக்குகளை தில்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது. போதைப்பொருள் சட்டத்தில் நிலைமை தலைகீழ். 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 35ஆம் பிரிவு, குற்ற எண்ணம் இருந்ததாகவே முதலில் கொள்கிறது. இல்லை என்று சந்தேகத்துக்கு இடமின்றி நிறுவுவது குற்றம் சாட்டப்பட்டவரின் சுமை. ஆகவே “எனக்குத் தெரியாது” என்ற சொல் தோட்டா விஷயத்தில் எடுபடலாம். பொட்டல விஷயத்தில் அதை நிறுவ ஆண்டுகள் ஆகும்.

பழகியவர்களும் தவறுகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2024இல் அமெரிக்க விமான நிலையச் சோதனைகளில் 6,678 துப்பாக்கிகள் பிடிபட்டன. அவற்றில் 90 விழுக்காட்டுக்கு மேல் குண்டு நிரப்பியவை. பிடிபட்டவர்களில் பலர் சொல்லும் பதில், மறந்துவிட்டோம் என்பதுதான். அதே 2024 ஜூனில் சென்னையில் நடிகரும் முன்னாள் சட்டமன்ற உறுப்பினருமான கருணாஸின் பையில் 40 தோட்டாக்கள் இருந்தன. உரிமம் பெற்ற துப்பாக்கிக்கானவை, கவனிக்காமல் எடுத்து வந்துவிட்டதாக விளக்கினார். புதியவருக்குத் தெரிவதில்லை, பழகியவருக்கு நினைவிருப்பதில்லை. விளைவில்தான் வேறுபாடு. பழகியவர் பொருளை டிரைவரிடம் கொடுத்தனுப்புவார், இல்லையென்றால் வக்கீலை அழைப்பார். தர்மபுரியிலிருந்து தேவனஹள்ளிக்கு ஏறத்தாழ 170 கி.மீ. பேருந்தில் வந்தவருக்கு அந்த வசதி இல்லை. இந்தியாவில் டிக்கெட் இல்லாதவரைப் பொதுவாக முனையத்துக்குள் விடுவதில்லை. வழியனுப்ப வந்த குடும்பம் வாசலிலேயே நின்றுவிடும்.

எந்த மொழியில் சொல்வது?

2020 ஆகஸ்டில் சென்னை விமான நிலையத்தில், இந்தி தெரியாது, தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசுங்கள் என்று கேட்ட நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழியிடம், நீங்கள் இந்தியரா என்று பாதுகாப்புப் படை அலுவலர் கேட்டதாக அவர் பதிவிட்டார். படை விசாரணைக்கு உத்தரவிட்டது. நாடாளுமன்ற உறுப்பினருக்கே இது என்றால், ராகி அறுத்த கையோடு வந்தவர் “ஏன் இதை எடுக்கச் சொல்றீங்க?” என்று எந்த மொழியில் கேட்பார்? கேட்க முடியாததால் பொருளை விட்டுவிட்டு நகர்கிறார், காரணம் தெரியாமலே. அடுத்த பயணத்திலும் அதே பொருள் வரும். மொழிச் சிக்கல் மரியாதைக் குறைவோடு நிற்பதில்லை. பாதுகாப்பையும் அது பாதிக்கிறது.

இத்தகைய சிக்கல்கள் இருந்தாலும் சோதனை தேவையே. சோதனை இல்லாத இடத்தில் விதி மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதை ரயில் காட்டியிருக்கிறது. எரிபொருளும் கேஸ் சிலிண்டரும் ரயிலில் கூடாது என்பது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தில் தண்டனைக்குரியது. இருந்தும் 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை மதுரையில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில் சிலிண்டர் வைத்துச் சமைக்க முயன்றதில் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். அதனால் விமான நிலையச் சோதனையைத் தளர்த்த வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது.

செய்ய வேண்டியது

சோதனை கடுமையாகவே இருக்கட்டும். எச்சரிக்கை பயணியிடம் வந்துசேரும் இடம்தான் பிழையானது. டிக்கெட்டின் கடைசிப் பக்கத்தில் சிறிய ஆங்கில எழுத்தில் இருக்கும் பட்டியலையும், கடைசி வாசலில் தொங்கும் பலகையையும் வைத்துக்கொண்டு, சொல்லிவிட்டோம் என்று நிறுவனங்கள் கைகழுவ முடியாது. பயணி அந்த வாசலை அடையும்போது மூட்டை கட்டி முடிந்திருக்கும், பெட்டியும் போய்விட்டிருக்கும்.

தர்மபுரியில் டிக்கெட் பெரும்பாலும் டிராவல்ஸ் கடையிலோ தெரிந்த பையனின் கைபேசியிலோதான் எடுக்கப்படுகிறது. படம் போட்ட ஒரு பக்கத் தமிழ்த் தாளைக் கொடுக்க வேண்டிய இடம் அது. இ-சேவை மையமும் பாஸ்போர்ட் வாங்கும் இடமும் அப்படியே. வேலைக்குப் போகிறவர்களுக்கு 2018இல் தொடங்கிய மத்திய அரசின் புறப்பாட்டுக்கு முந்தைய பயிற்சி உண்டு. தமிழக அரசுக்கு 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் உண்டு. கசகசா, மருந்து, பிறர் பொட்டலம் ஆகிய மூன்றுக்கும் அங்கே அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். விமான நிலையங்கள், விட்டுச்செல்லும் பொருளைக் கூரியரில் வீட்டுக்கு அனுப்பும் கவுன்டரை நியாயமான கட்டணத்தில், கண்ணில் படும் இடத்தில் வைக்கலாம். தமிழ்நாட்டு நிலையங்களில் சோதனைச் சாவடிக்கு ஒருவராவது தமிழ் பேசுபவராக இருக்க வேண்டும். ஓசூரில் விமான நிலையம் அமைக்கப்படும் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்திருக்கிறது. அது எழும்பும் முன்பே, அதைப் பயன்படுத்தப்போகும் மக்களுக்குச் சொல்ல நேரம் இருக்கிறது.

பயணிக்கும் ஒரு வேலை உண்டு. பையை நீங்களே கட்டுங்கள். எந்த நாட்டுக்குப் போகிறீர்களோ அந்த நாட்டின் சட்டத்தை, போய்வந்த ஒருவரிடமாவது கேளுங்கள். மாத்திரையை மருத்துவர் சீட்டோடு வையுங்கள். திறந்து பார்க்காத எந்தப் பொட்டலத்தையும், கொடுத்தவர் தாய்மாமனே ஆனாலும், பெட்டியில் சேர்க்காதீர்கள்.